பாண்டியில் வெளிநாட்டு விருந்தாளிகள்: யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில், மாமியார் காலத்துத் திண்ணை வீடு எங்களுடையது. பின்கட்டிலும் மெத்தையிலுமாக (மாடியைத்தான் சொல்கிறேன்) நான்கு அறைகளை 2013இலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவருகிறோம். பிள்ளைகள் பிரான்சில் செட்டில் ஆகி மேல்மாடி காலியாகக் கிடப்பவர்கள், பாட்டி வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், கடலூர் பக்கம் மனை வாங்கிப் போட்டிருப்பவர்கள் என்று வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் செய்கிறார்கள். கேட்பது எல்லாரும் ஒரே மாதிரிதான். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதியே வைத்துவிட்டேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வருவது குறைந்துபோச்சாமே, உண்மையா?

குறைந்தது உண்மை, நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய 1 கோடியே 9 லட்சம். கொரோனா வந்ததும் 2020இல் 27 லட்சம், 2021இல் 15 லட்சம் என்று படுத்துவிட்டது. 2022இல் 64 லட்சம், 2023இல் 95 லட்சம் என்று எழுந்துவந்தாலும் பழைய உயரத்தைத் தொடவில்லை. உலகம் முழுக்க எடுத்தால் 2019இல் 146 கோடி, 2024இல் 140 கோடி. மற்ற நாடுகள் கிட்டத்தட்ட பழையபடி ஆகிவிட்டன, நாம்தான் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், எதற்காக வந்தார்கள் என்று பாருங்கள். 2019இல் வந்தவர்களில் நூற்றுக்கு 57 பேர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். 2023இல் அது 46 ஆகிவிட்டது. அதே சமயம், பூர்வீகம் இந்தியா, பாஸ்போர்ட் வெளிநாடு என்கிற நம்ம ஆட்கள் எட்டில் ஒருவராக இருந்தது நாலில் ஒருவராகியிருக்கிறது. முதுகில் பையோடு வரும் வெள்ளைக்காரர்தான் வெளிநாட்டுப் பயணி என்று மனதில் படம் வைத்திருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். பாரீஸ் பக்கத்துச் சார்செலில் இருந்து ரெண்டு பிள்ளைகளோடு வரும் முருகேசனும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்.

பேப்பரில் போடும் எண்ணிக்கை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே, எதை நம்புவது?

எல்லாமே உண்மைதான், எண்ணுவது வேறு வேறு. மேலே சொன்னது குடியேற்ற கவுன்ட்டரில் வெளிநாட்டு பாஸ்போர்ட்டை எண்ணுவது. துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துக்கொண்டு இந்திய பாஸ்போர்ட்டோடு வருபவர்கள் அதில் கிடையாது. அவர்களையும் சேர்த்து இன்னொரு கணக்கு வருகிறது, அது 2019இல் 1 கோடியே 79 லட்சம், 2023இல் 1 கோடியே 89 லட்சம். அதாவது அவர்களைச் சேர்த்தால் கொரோனாவுக்கு முந்தைய அளவைத் தாண்டிவிட்டோம், சேர்க்காவிட்டால் தாண்டவில்லை. மேடையில் பேசுகிறவர் முதல் கணக்கைச் சொல்கிறாரா இரண்டாவதைச் சொல்கிறாரா என்று கவனித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மூன்றாவதாக மாநிலக் கணக்கு. அது ஆளை எண்ணுவதில்லை, வருகையை எண்ணுவது. ஒரே பிரெஞ்சுக்காரி சென்னையில் ரெண்டு நாள், பாண்டியில் மூணு நாள், கொச்சியில் நாலு நாள் தங்கினால் தமிழ்நாட்டில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று, கேரளாவில் ஒன்று. 2019இல் இந்தியா முழுக்க வந்தவர் 1 கோடியே 9 லட்சம் என்றால் தமிழ்நாட்டுக்கு மட்டும் 68 லட்சம் வருகை என்று பதிவாகியிருந்தது. 2023இல் அது 12 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. நாட்டுக்கு வந்தவர்கள் நூற்றுக்குப் பதிமூன்று பேர் குறைந்தபோது தமிழ்நாட்டுக்கு மட்டும் ஆறில் அஞ்சு பங்கு காணாமல்போனது என்றால், குறைந்தது ஆட்கள் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை, எண்ணும் முறையிலும் ஏதோ மாறியிருக்கிறது. அதனால்தான் மாநிலக் கணக்கை வைத்து யாரும் பேங்க் லோன் போடாதீர்கள் என்கிறேன்.

புதுச்சேரிக்கு 2019இல் ஒன்றரை லட்சத்தை ஒட்டி வெளிநாட்டு வருகை, 17 லட்சத்தை ஒட்டி உள்நாட்டு வருகை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டியில் சுற்றுகிறவர்கள் எல்லாரும் பாண்டி கணக்கில் வருவார்களா?

வரமாட்டார்கள், இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். செரினிட்டி பீச்சில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வந்து மாசக்கணக்கில் தங்கும் பையன்கள் தமிழ்நாட்டில் தூங்குகிறார்கள். ஆரோவில்லின் பெரும்பகுதியும், பொம்மையார்பாளையமும், சின்ன முதலியார்சாவடியும் அதே மாவட்டம். பகலெல்லாம் மிஷன் வீதியில் சாமான் வாங்கி, பீச் ரோட்டில் காபி குடித்து, ராத்திரி எல்லை தாண்டிப் போய்ப் படுத்துவிட்டால் நம் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. காலையில் வந்து பிச்சாவரம் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் ஆளைக் கடலூர் எப்படி எண்ண முடியாதோ அதே கதை. உலக வழக்கப்படி ஒரு இரவாவது தங்கினால்தான் சுற்றுலாப் பயணி, இல்லையென்றால் வெறும் பகல் விருந்தாளி.

வருபவர்கள் எல்லாரும் பிரெஞ்சுக்காரர்கள்தானே?

இல்லை. இந்தியா முழுக்கப் பார்த்தால் 2019இல் முதலிடம் வங்கதேசம், அப்புறம் அமெரிக்கா, அப்புறம் பிரிட்டன். பிரான்ஸ் நூற்றுக்கு ரெண்டு சொச்சம்தான். நம் ஊரில் மட்டும் அந்தத் தட்டு தலைகீழ், பிரெஞ்சு பேசுகிறவர்கள்தான் கண்ணில் படுவார்கள். என் பதிவேட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து. மீதியில் ஜெர்மனி, இத்தாலி, இஸ்ரேல், கொஞ்சம் ரஷ்யா. வங்கதேசத்துக்காரர்கள் பெரும்பாலும் வைத்தியத்துக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கவும் வருகிறவர்கள், என் வீட்டுக்கு இதுவரை ஒரே ஒரு குடும்பம்தான் வந்திருக்கிறது.

சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) குடும்பங்களைத் தனியாகச் சொல்லவேண்டும். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளி விடுமுறை விட்டதும் கும்பலாக வருவார்கள். என் மாமனாரின் தம்பி மகன் ஒருவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு 2018 வரை எங்கள் கூடத்தில்தான் பாய் விரித்துப் படுத்தார். அப்புறம் பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஏ.சி. வேண்டும், வைஃபை வேண்டும், நீச்சல் குளம் வேண்டும். இப்போதெல்லாம் முதல் அஞ்சு நாள் ஈ.சி.ஆர். பக்கம் ரிசார்ட், அப்புறம் டவுனில் ஒரு முழு வீட்டை வாடகைக்கு எடுத்து அங்கே ரெண்டு வாரம். எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதோடு சரி. "சொந்த வீட்டுக்கே கைகழுவிட்டுப் போற விருந்தாளியா வர்றான்" என்று மாமியாருக்கு ஆறவே இல்லை. எனக்கென்னவோ அதில் வியாபாரம் தெரிகிறது. சொந்தக்காரர் வீட்டில் தங்கிய கூட்டம் காசு கொடுத்துத் தங்கும் கூட்டமாகிவிட்டது, அவர்களுக்கு வேண்டியது ரெண்டு படுக்கையறையும் ஒரு அடுப்படியும் இருக்கும் வீடு.

சரி, எங்கேதான் தங்குகிறார்கள்?

ஒரே இடத்தில் இல்லை. நான் பார்த்தவரை அஞ்சாறு வகை.

குழுவாக வருபவர்கள் பேருந்தில் வந்து இறங்குவார்கள். மாமல்லபுரம், பாண்டி, சிதம்பரம், தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை என்று போகும் பழைய பாதை. பாண்டியில் ஒன்று அல்லது ரெண்டு இரவு, அதுவும் இருபது அறை ஒரே இடத்தில் கிடைக்கும் ஓட்டல்களில். நம்மைப் போன்ற நாலு அறைக்காரர்களுக்கு அவர்களால் பிரயோஜனம் இல்லை, ஏஜென்ட் பின்னால் அலையாதீர்கள்.

வசதியான தம்பதிகள் புதுப்பித்த பழைய மாளிகைகளைத் தேடுவார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே பாலே த மாஹே போன்றவை, மேற்கே பெருமாள் கோயில் தெருவில் மெஸோன் பெருமாள். இருபது வருஷத்துக்கு முன் வெளிநாட்டுக்காரர் மஞ்சள் சுவர் இருக்கும் தெருவைத் தாண்டமாட்டார். இப்போது மேற்கே தமிழ் வீட்டைத் தேடிக் கேட்டு வருகிறார், திண்ணை எங்கே, முற்றம் எங்கே என்று. வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீர்செய்த பிறகுதான் எங்கள் பக்கத்துக்கு அந்தக் கண் திரும்பியது என்பது என் கணிப்பு.

அரவிந்தர் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் ஆசிரம விடுதிகளிலேயே தங்குவார்கள். பீச் ரோட்டின் தென்கோடியில் இருக்கும் பார்க் கெஸ்ட் ஹவுஸில் கடலைப் பார்த்த அறைகளுக்கு எப்போதும் போட்டிதான். குடி, சிகரெட் கூடாது, ராத்திரி கேட் பூட்டும் நேரம் உண்டு. அதுவே அவர்களுக்கு வேண்டியது. பிப்ரவரி 21, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 போன்ற தரிசன நாட்களில் அங்கே நிரம்பி வழிந்தால் நமக்கும் ரெண்டு பேர் வருவார்கள்.

ஆரோவில் தனி உலகம். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கிய ஊர், அங்கேயே விதவிதமான விருந்தினர் இல்லங்கள், மரத்தடிக் குடிசையிலிருந்து ஏ.சி. அறை வரை. தொண்டு வேலைக்கு வருபவர்கள் மாசக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் நம்மிடம் வருவது, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ரெண்டு நாள், துணி துவைத்துக் கடற்கரையில் உட்காருவதற்கு.

இளசுகள் ஹாஸ்டலுக்குப் போகிறார்கள், ஒரு அறையில் ஆறு கட்டில். இதில் இப்போது நம்மூர்ப் பிள்ளைகள்தான் அதிகம், பெங்களூரில் வேலை பார்க்கும் பையனும் ஜெர்மன் பெண்ணும் மேல் கட்டில் கீழ்க் கட்டில். பத்து வருஷத்துக்கு முன் முழுக்க முழுக்க வெள்ளைக்காரர்கள் நிறைந்திருந்த மலிவு விடுதிகள் சில மூடியே போய்விட்டன.

கடைசி வகைதான் நமக்குரியது. ஐம்பதைத் தாண்டியவர்கள், தனியாகவோ ஜோடியாகவோ, ரெண்டு மூணு தடவை இந்தியாவைப் பார்த்துமுடித்தவர்கள். இவர்களுக்குத் தாஜ்மஹால் வேண்டாம். சமையல் கற்றுக்கொள்ளவேண்டும், யோகா வேண்டும், காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கவேண்டும்.

எத்தனை நாள் தங்குவார்கள்? ஒரு நாள் ஆட்களை எடுப்பது லாபமா, நாள்பட்ட ஆட்களை எடுப்பது லாபமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஆட்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள்.

என் மெத்தை அறையை உதாரணமாக எடுங்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் சென்னை, பெங்களூர் ஆட்களுக்கு ஒரு இரவு 3,000க்கு விடுகிறேன். மாசத்துக்கு எட்டு இரவு, 24,000. முன்பதிவு பிடித்துத் தரும் ஆன்லைன் தளத்துக்குக் கமிஷன் 18 சதவீதம் போனால் கையில் 19,680. எட்டுத் தடவை விரிப்பு மாற்றவேண்டும், எட்டுத் தடவை துவைக்கவேண்டும், ராத்திரி பன்னிரண்டுக்குப் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கதவைத் தட்டவேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை அறை காற்று வாங்கும். அதே அறையை ஜனவரியில் இருபது இரவுக்கு ஒரே ஆள், நேரடியாக, இரவுக்கு 1,600 என்று எடுத்தால் 32,000. கமிஷன் கிடையாது. விரிப்பு வாரத்துக்கு ஒரு தடவை.

லியோனில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் ஒவ்வொரு ஜனவரியும் ஆறு வாரம் எங்கள் வீட்டில். முதல் தடவை தளத்தின் வழியாக நாலு நாளைக்குத்தான் வந்தார். மூணாவது நாள் மாமியாரோடு முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார், ரெண்டு பேருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. நாலாவது நாள் "இன்னும் பத்து நாள் இருக்கலாமா?" என்று கேட்டார்.

எந்த மாதங்களில் வருவார்கள்?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை தான் உண்மையான சீசன். நவம்பரிலும் கேட்பார்கள், ஆனால் அது நமக்கு மழைக்காலம் என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். ஜனவரி முதல் வாரம் அரசின் சர்வதேச யோகா விழா, பிப்ரவரியில் ஆசிரமம், ஆரோவில் நாட்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளிநாட்டுக்காரர்களுக்கான கடையைச் சாத்திக்கொண்டு சுண்ணாம்பு அடிக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுக் குடும்பங்கள் வெயிலையும் பொருட்படுத்தாமல் வரும், பள்ளி விடுமுறை அப்போதுதான், வேறு வழியில்லை.

அறையில் என்னென்ன இருக்கவேண்டும்? ஏ.சி. போட்டால் போதுமா?

ஏ.சி. போடுங்கள், ஆனால் அதைவிடக் கட்டில் முக்கியம். நம்ம ஊர் டபுள் காட் என்பது பல இடங்களில் ரெண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டது, மேலே ரெண்டு மெத்தை, நடுவில் ஒரு பள்ளம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறரை அடி உயர டச்சுக்காரர் ஒருவர் முதல் ராத்திரி முழுக்க அந்தப் பள்ளத்துக்கும் கால்மாட்டுக் கட்டைக்கும் நடுவே போராடிவிட்டு, காலையில் பார்த்தால் தரையில் மெத்தையைக் குறுக்கே போட்டுத் தூங்குகிறார். அதற்கப்புறம் ஏழடி நீளத்தில், கால்மாட்டில் கட்டை இல்லாமல், ஒரே சட்டமாகத் தேக்கில் செய்யச் சொன்னேன். செய்து கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் அது ஏறாது. பிரித்து, மேலே கொண்டுபோய், போல்ட் போட்டுப் பூட்டினோம். நீங்கள் செய்யச் சொல்லும்போதே பிரித்துப் பூட்டும்படி சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கொசுவலை, நல்ல வெளிச்சத்தில் படிக்க ஒரு விளக்கு, ஈரத்துணி காயப்போட மெத்தையில் கயிறு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழுவது. தனியாக வரும் பெண்கள் முதலில் பார்ப்பது அந்தத் தாழ்ப்பாளைத்தான். மினரல் வாட்டர் பாட்டில் அடுக்காமல் பெரிய கேனும் ஒரு கூஜாவும் வையுங்கள், பிளாஸ்டிக் என்றால் அவர்களுக்கு முகம் சுண்டிவிடும். டி.வி. தேவையே இல்லை. என் நாலு டி.வி.யில் மூணை விற்றுவிட்டேன்.

காலைச் சாப்பாடு? முதல் மூணு நாள் இட்லி, அப்புறம் ரொட்டியும் வெண்ணெயும் கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நாம் பாரீஸ் போனால் மூணாவது நாள் சோறு தேடமாட்டோமா?

ஆன்லைன் தளங்களில் போடாமல் இருக்க முடியுமா?

முதல் ரெண்டு வருஷம் முடியாது. யாருக்கும் உங்களைத் தெரியாது, அதனால் கமிஷன் கொடுத்துத்தான் ஆகவேண்டும், சாதாரணமாக நூற்றுக்கு 15 முதல் 20 வரை. ஆனால் ஒருமுறை வந்து திரும்பிப் போகிறவரிடம் உங்கள் நம்பரைக் கொடுங்கள், அடுத்த வருஷம் வாட்ஸ்அப்பில் நேராகக் கேட்பார். இப்போது என் இரவுகளில் பாதிக்கு மேல் அப்படி வருவதுதான். நட்சத்திரத்தைவிட எழுதும் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். "சுத்தம், அமைதி" என்று நாலு பேர் பிரெஞ்சில் எழுதியிருந்தால் அஞ்சாவது பிரெஞ்சுக்காரர் வந்துவிடுவார். ஆடி மாசம் கோயில் ஸ்பீக்கர் உண்டு என்பதையும் நீங்களே முன்கூட்டி எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அவர் எழுதுவார்.

சி ஃபார்ம் என்கிறார்களே, அது வீட்டுக்காரர்களுக்கும் உண்டா?

உண்டு, இதில் விளையாடாதீர்கள். ஓட்டல், லாட்ஜ், ஹோம்ஸ்டே எதுவாக இருந்தாலும் வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதியவேண்டும். பாஸ்போர்ட், விசா ரெண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்பதும் கேட்பார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய 1946 சட்டத்தின் இடத்தில் குடியேற்றம், வெளிநாட்டினர் சட்டம் வந்திருக்கிறது, படிவத்தின் பெயரெல்லாம் மாறலாம், ஊரில் எல்லாரும் இன்னும் சி ஃபார்ம் என்றுதான் சொல்கிறார்கள். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தருவது) வைத்திருக்கும் சொந்தக்காரர் என்றாலும் காசு வாங்கித் தங்கவைத்தால் நான் பதிந்துவிடுவேன், பாஸ்போர்ட் வெளிநாடுதானே.

ஒருமுறை வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு ஜோடி வந்து இறங்கியது. நெட் வரவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். சனிக்கிழமை நாலு அறையும் நிறைந்து ஓடிய ஓட்டத்தில் சுத்தமாக மறந்துபோனது. ஞாயிறு அவர்கள் சிதம்பரம் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை போன் வந்தது, சிதம்பரத்து லாட்ஜ்காரர் ஒழுங்காகப் பதிந்ததில் "முந்தைய இடம் புதுச்சேரி" என்று இருக்கிறது, புதுச்சேரியில் பதிவைக் காணோம். தப்பு முழுக்க என் மேல். ரெண்டு தடவை நேரில் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பாஸ்போர்ட் கைக்கு வராமல் சாவி கைக்குப் போகாது.

ஜி.எஸ்.டி. கட்டவேண்டுமா?

ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. அப்படிப் பதியாதவர்களுக்குத் தளத்தின் வழியாக வரும் முன்பதிவுக்கு வரியைத் தளமே பிடித்துக் கட்டிவிடும். பதிவு செய்தவர்களுக்கு, இரவுக்கு 7,500 வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், முன்பு 12. மீதியை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வார இறுதிக் கூட்டத்தையும் வெளிநாட்டுக்காரர்களையும் ஒன்றாக வைக்க முடியுமா?

கஷ்டம். சனிக்கிழமை ராத்திரி ஊரே மாறிவிடுகிறது, பீச் ரோட்டில் நடக்கவே இடமில்லை. அறை வாடகை ஏறுகிறது, ஆட்டோக்காரர் கேட்பதும் ஏறுகிறது. அமைதிக்காக வந்தவர்கள் வெள்ளிக்கிழமை கிளம்பித் தரங்கம்பாடிப் பக்கம் போய்விட்டு ஞாயிறு ராத்திரி திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். நான் பண்ணுவது இதுதான்: ஜனவரி, பிப்ரவரியில் முன்பக்க அறை ஒன்றைத் தவிர மற்ற மூன்றையும் வார இறுதிக்குத் திறப்பதே இல்லை. உள்ளூர்க்காரர்களை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஜூன் மாசம் எனக்குச் சோறு போடுவது அவர்கள்தான்.

கடலூரில் ஆரம்பித்தால் ஓடுமா?

வெளிநாட்டுக்காரரை மட்டும் நம்பினால் ஓடாது. பாண்டியிலிருந்து 25 கிலோமீட்டருக்குள், வில்லியனூர் போய்வருவது மாதிரி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தேவனாம்பட்டினத்தில் அவ்வளவு பெரிய வெள்ளிக் கடற்கரை, பக்கத்திலேயே ஒரு காலத்தில் ஆங்கிலேயர் தலைமையிடமாக இருந்த செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம், திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர், இத்தனையும் இருந்தும் ராத்திரி தங்குவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் இல்லை. கடலூர் லாட்ஜ்கள் முகூர்த்த நாளில் நிறைவது திருவந்திபுரத்துக் கல்யாணக் கூட்டத்தால். அதை நம்பிக் கட்டுங்கள், தப்பில்லை.

ஆனால் கிள்ளை, பிச்சாவரம் பக்கம் நிலம் இருந்தால் வேறு கதை. சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போக நல்ல நேரம் விடியற்காலை. பாண்டியிலிருந்து கிளம்பி அந்த நேரத்துக்கு வந்து சேர மூணரை மணிக்கே எழவேண்டும். முந்தைய ராத்திரி பக்கத்தில் நல்ல படுக்கையும் மீன் குழம்பும் கிடைத்தால் தங்குவார்கள். சிதம்பரம் கோயிலையும் அதோடு சேர்த்தால் ரெண்டு இரவு. என்னிடம் வருகிறவர்கள் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டார்கள், அனுப்புவதற்குத்தான் எனக்கு இடம் தெரியவில்லை.

பிரெஞ்சு தெரியவேண்டுமா?

வேண்டாம். பொன்ழூர், மெர்சி போதும். உடைந்த இங்கிலீஷில் ரெண்டு பேரும் சமம்.

பாண்டிக்கு விமானம் வந்துவிட்டதே, நேராக வந்து இறங்குவார்களா?

2024 டிசம்பரில் பெங்களூர், ஹைதராபாத்துக்குச் சின்ன விமானம் விட்டிருக்கிறார்கள். லாஸ்பேட்டை ஓடுதளம் பெரிய விமானத்துக்குப் போதாது. வெளிநாட்டுக்காரர் சென்னையில் இறங்கி ஈ.சி.ஆர். வழியாக 150 கிலோமீட்டர் காரில்தான் வருகிறார். என்னிடம் வருகிறவர்களில் பலர் நள்ளிரவுக்கு மேல் இறங்கிக் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்பார்கள். மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் அறை என்று சொல்லித் திண்ணையில் உட்காரவைத்தால் அங்கேயே உங்கள் பெயர் போச்சு. முந்தைய ராத்திரி அறையைக் காலியாக வையுங்கள், முடியாவிட்டால் குளிக்க ஒரு பாத்ரூமும் ஒரு டம்ளர் காபியுமாவது.

புயல் வந்தால்?

2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' புயல். ஃபெஞ்சலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. என் வீட்டில் அப்போது மூணு பேர், கரன்ட் இல்லை, முற்றத்தில் முழங்கால் தண்ணீர். மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்து மாமியார் ரவை உப்புமா கிண்டினார். பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று நான் பயந்துகொண்டிருக்க, அவர்கள் பக்கெட் எடுத்துத் தண்ணீர் இறைத்தார்கள். எல்லாரும் அப்படி இருக்கமாட்டார்கள், அதனால் நவம்பர், டிசம்பர் முன்பதிவுக்குப் புயல் வந்தால் பணம் திரும்பும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

பழைய வீட்டை இடித்து மூணு மாடி கட்டினால் பத்து அறை வருமே?

வரும். பத்து அறையும் வெள்ளி, சனி நிறையும், மற்ற நாள் காலியாக இருக்கும், ஏனென்றால் மூணு மாடிக் கட்டடம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. மத்திய சுற்றுலாத் துறையின் இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரைதான், வீட்டுக்காரரும் அங்கேயே குடியிருக்கவேண்டும். அதற்குள் அடங்கப் பாருங்கள். ஓடு மாற்றலாம், கழிப்பறை புதிதாகக் கட்டலாம், ஒயரிங் கண்டிப்பாக மாற்றவேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய செங்கல், சுண்ணாம்புக் கூரை ஒழுகினால் சிமென்டைப் பூசாமல் பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான இன்டாக் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். தேக்குத் தூணை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள். இடிக்கிற கான்ட்ராக்டர் வீட்டைப் பார்க்க வந்ததும் முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தான்.